எந்தக் கரை அது

மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்ததும் கல்யாணசுந்தரி கேட்கும் முதல் கேள்வி மீனைப் பற்றியதாக இருக்காது.

“இன்னிக்கு எந்த ஊருக்குப் போனே தமிழு?”

தமிழரசி மாடியறையிலிருந்து கைப்பேசியோடு இறங்கி வருவாள். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக, காரைக்கால் பக்கம் விழிதியூரில் வீட்டில் இருந்தபடியே மென்பொருள் சோதிக்கிற வேலை அவளுக்கு. முப்பத்தாறு வயது. வீட்டில் அவளும் அப்பா வைத்திலிங்கமும் மட்டும்தான். வேலை போக மீதி நேரத்தில் அவள் ஊர் கண்டுபிடிப்பாள். இணையத்தில் அதற்கென்றே ஒரு குழு இருந்தது. யாராவது ஒரு தெருவின் படத்தைப் பெயர் சொல்லாமல் போடுவார்கள். அது உலகத்தில் எந்த இடம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். மின்கம்பத்தின் வடிவம், சாலையோரக் கல்லின் நிறம், நிழல் விழும் பக்கம், குப்பைத் தொட்டியின் மூடி, ஏதாவது ஒன்று அவளுக்குப் போதும். குழுவில் அவளுக்கு நல்ல பெயர். போர்ச்சுகலில் ஒரு பள்ளி ஆசிரியரும் பிலிப்பைன்ஸில் ஒரு பேருந்து ஓட்டுநரும் அவளுடைய கூட்டாளிகள். நிஜத்தில் அவள் போயிருந்தது சென்னைக்கும், ஒரே ஒருமுறை பெங்களூருக்கும்.

கண்ணில் படுகிற வினோதங்களைப் பற்றி ஒரு வலைப்பதிவும் எழுதினாள். பின்லாந்தில் வீட்டுக் கூரை மேல் ஏன் ஏணி வைத்திருக்கிறார்கள், ஜப்பானில் சாக்கடை மூடியில் ஏன் பூவும் மீனும் வரைகிறார்கள், காரைக்கால் போலீஸ்காரருக்கு ஏன் சிவப்புத் தொப்பி. படிப்பவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். அதில் வைத்திலிங்கமும் ஒருவர். எல்லாப் பதிவுக்கும் தவறாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவார். படித்தாரா என்பது வேறு விஷயம்.

கல்யாணசுந்தரி கடலோரத்துப் பட்டினச்சேரிக்காரி. விடிந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றிக்கொண்டு நிரவி, விழிதியூர் என்று வீடு வீடாக விற்பாள். தெருப் படங்களில் அவளுக்கு ஆர்வம் கிடையாது.

“கடல் இருக்குற ஊரா காட்டு” என்பாள். காட்டினால் படகுகளை மட்டும் பார்ப்பாள். ஐஸ்லாந்துத் துறைமுகத்தைக் காட்டியபோது, “எடம் இவ்ளோ சுத்தமா இருக்கே, மீனு வருதா இல்லியா?” என்று சந்தேகப்பட்டாள்.

அந்த ஆவணியில் கல்யாணசுந்தரி வருவது திடீரென்று நின்றுபோனது.

அவள் புருஷன் நீலமேகம் காரைக்கால் துறைமுகத்திலிருந்து போகும் ஒரு விசைப்படகில் வேலை பார்த்தான். ஐந்து பேராகக் கிளம்பிப் போனார்கள். போன மறுநாளே மேற்கிலிருந்து கச்சான் காற்று பிய்த்து எறிய ஆரம்பித்தது. எஞ்சின் மக்கர் செய்கிறது என்று பக்கத்துப் படகுக்கு வாக்கிடாக்கியில் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கூடப் போன படகுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துவிட்டன. இது மட்டும் வரவில்லை. மீன்வளத் துறைக்கு எழுதிக் கொடுத்தார்கள். தேடிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது.

இதெல்லாம் தமிழரசிக்கு மீன் வாங்குகிற மற்ற வீடுகளின் வழியாகத்தான் தெரிந்தது. அவள் இரண்டு தடவை கல்யாணசுந்தரிக்குப் போன் செய்தாள். “ஒண்ணும் தெரியல தமிழு” என்று சொல்லி வைத்துவிட்டாள் அவள்.

அந்த வாரக் கடைசியில், காலை வேலையில் தமிழரசி மும்முரமாக இருந்தபோது இளவேனில் கூப்பிட்டாள். இளவேனில் கல்யாணசுந்தரியின் மகள், காரைக்காலில் நர்சிங் படிக்கிறவள்.

“அக்கா, ஒங்களுக்கு ஒரு வீடியோ அனுப்பிச்சிருக்கேன். எல்லாக் குரூப்புலயும் வந்துட்டுது. நீங்க படத்தைப் பாத்தே ஊரு சொல்லுவீங்கன்னு அம்மா சொல்லும்ல? இது எந்தக் கரைன்னு பாத்துச் சொல்லுங்கக்கா.”

வீடியோ கால் நிமிஷம்கூட ஓடவில்லை. கொட்டுகிற மழையில் ஒரு கடற்கரை. மரப்படகு ஒன்று இரண்டாகப் பிளந்து மணலில் கிடக்கிறது. நீலப் பலகைகள் அலையில் புரள்கின்றன. ஆட்கள் ஓடுகிறார்கள். கடைசியில் ஒரு பெண், முதுகு மட்டும் தெரிய, மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருக்கிறாள். பின்னால் யாரோ சோகமான புல்லாங்குழல் இசையைச் சேர்த்திருந்தார்கள். கீழே எழுத்து ஓடியது: ‘காரைக்கால் படகு கரை ஒதுங்கியது. ஐவரும் பலி.’

நீலமேகத்தின் படகும் நீலம்தான்.

தமிழரசி எத்தனையோ படங்களைப் பிரித்து மேய்ந்திருக்கிறாள், ஆனால் எதிலும் அவளுக்குத் தெரிந்த ஆள் இருந்ததில்லை. கம்பெனி வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, வீடியோவைப் பெரிய திரையில் போட்டு ஒவ்வொரு காட்சியாக நகர்த்தினாள். மழையில் எல்லாம் மங்கல். பிளந்த படகின் ஓட்டுநர் அறைச் சுவரில் ஏதோ எழுதியிருந்தது. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, அவள் பார்த்த எந்த மொழியும் இல்லை. அவளால் மொழி சொல்ல முடியாத எழுத்து உலகத்தில் மிகக் குறைவு. அதுவே அவளுக்கு உறுத்தியது.

அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. அவரே தட்டோடு மேலே வந்தார்.

“என்னம்மா அது?”

சொன்னாள். வைத்திலிங்கம் தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கரையோரம் நின்ற மோட்டார் சைக்கிள் ஒன்றில் தமிழரசியின் கண் நின்றது. அதில் ஏதோ தப்பு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, நம்ம வண்டியில சைலன்சர் எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டாள்.

“வலது பக்கம்தான்.”

“இதுல இடது பக்கம் இருக்கு பாருங்க.”

பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியிலும் அப்படித்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. பழைய வீடியோவைப் புதுசுபோலப் போடுகிறவர்கள் செய்கிற வேலை அது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இது முன்பே வந்த வீடியோ என்று கணினி அவ்வளவு சுலபத்தில் கண்டுபிடிக்காது. அவள் வீடியோவை மறுபடி திருப்பினாள். படகில் இருந்தது சாதாரண ஆங்கில எழுத்துதான், ஆனால் எழுத்துகளின் தலையிலும் காலிலும் கோடும் புள்ளியும் இருந்தன. மணலில் பெரிய கூடையைக் கவிழ்த்த மாதிரிக் கிடந்தவை மூங்கிலால் முடைந்த பரிசல்கள். கடலில் பரிசல் ஓட்டுகிற ஊரைப் பற்றி அவளே ஒருமுறை வலைப்பதிவில் எழுதியிருந்தாள்.

வியட்நாம்.

திருப்பிய படத்தை வைத்துத் தேடினாள். அசல் வீடியோ கிடைத்துவிட்டது. ஒரு புயலுக்குப் பிறகு, பல வருஷங்களுக்கு முன்னால், லான் என்ற பெயரில் ஒரு பெண் போட்டது. இதைவிட நீளமானது. அதில் புல்லாங்குழல் இல்லை. காற்றின் இரைச்சலும், மணலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அழுகையும் இருந்தன.

“நம்ம ஆளுங்க இல்லியே?” என்றார் வைத்திலிங்கம்.

“இல்லப்பா.”

“அப்ப போன் போட்டுச் சொல்லு.”

தமிழரசி கைப்பேசியை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள். “போன்ல சொன்னா இதுவும் இன்னொரு ஃபார்வர்டு மாதிரிதாம்பா ஆயிடும். நேர்ல போயிக் காட்டணும்.”

“இரு, சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றேன்.”

மடிக்கணினியைப் பையில் வைத்து அப்பாவிடம் கொடுத்து, அவரைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டியை விட்டாள். இரண்டு பக்கமும் குறுவை வயல், பிறகு கடைத்தெரு, பிறகு சவுக்குத் தோப்பு. உலகத்தின் அந்தக் கோடியெல்லாம் பார்த்த தமிழரசி, இத்தனை வருஷத்தில் பட்டினச்சேரிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. கல்யாணசுந்தரிதான் தினமும் வருவாளே!

ஊருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு இளைஞர்கள் ஏணி வைத்து ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. ஐந்து வட்டங்களில் ஐந்து முகங்கள். நடுவில் நீலமேகம், ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம், சிரித்துக்கொண்டிருந்தான்.

தமிழரசி வண்டியை நிறுத்தினாள். “தம்பி, கட்டாதீங்க. அந்த வீடியோ பொய்.”

“நீங்க யாருங்க?” ஏணியில் நின்றவன் கேட்டான்.

“கல்யாணசுந்தரி அக்காவுக்கு வேண்டியவ. மீன் வாங்குறவ” என்றாள்.

அவள் மடிக்கணினியை ஸ்கூட்டி சீட்டில் திறந்து இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டினாள். ஏணியில் இருந்தவன் இறங்கி வந்தான். ஒரு தடவை பார்த்தான். இன்னொரு தடவை போடச் சொன்னான். பிறகு மேலே ஏறி, கட்டிய கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“இதை மொதல்ல யாரு போட்டது?” என்று தமிழரசி கேட்டாள். வழியெல்லாம் அந்த ஆள்மேல் அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்திருந்தது.

“சிவக்குமார். இங்க ஊருச் செய்தின்னு ஒரு பேஜ் நடத்துறாரு. மாரியம்மன் கோயிலாண்ட இருப்பாரு.”

சிவக்குமார் கோயில் சுவரில் சாய்ந்து, இரண்டு முட்டியையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். தமிழரசி எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“ஒரு வார்த்தை விசாரிக்காம இப்படிப் போடலாமா? அஞ்சு குடும்பம் இருக்குல்ல?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. “அதுல ஒரு குடும்பம் என்னோடதுங்க. முத்துக்குமரன் என் தம்பி.”

“மன்னிச்சிடுங்க” என்றாள் தமிழரசி.

அவன் தன் கைப்பேசியை நீட்டினான். அவன் போட்ட பதிவின் ஸ்கிரீன்ஷாட் அதில் இருந்தது. ‘இது உண்மையா? யாருக்காவது தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள்’ என்று எழுதி, கீழே நம்பர் கொடுத்திருந்தான். “எனக்கு வேற எங்கேருந்தோ வந்துச்சு. பயந்துபோயி கேட்டேன். கேள்வியை வெட்டிட்டு வீடியோவை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. நான் போட்டதை அழிச்சிட்டேன். ஆனா அதுக்குள்ள என் பேஜ்ல வந்துச்சு, அதனால உண்மைதான்னு எனக்கே திருப்பி அனுப்புறாங்க.”

தமிழரசி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். முழுசாகப் பார்த்து முடித்ததும் அவன் முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு எழுந்தான். “வாங்க, மைக்ல சொல்லணும்” என்றான்.

பட்டினச்சேரியில் எதுவானாலும் கோயில் மைக்கில்தான் சொல்வார்கள். ஊர்த் தலைவர் வந்து, வீடியோவைப் பார்த்து, “நீங்களே சொல்லிடுங்கம்மா. நாங்க சொன்னா ஆறுதலுக்குச் சொல்றதா நெனைப்பாங்க” என்றார். தமிழரசி கம்பெனி மீட்டிங்கிலேயே கேமராவை அணைத்துவிட்டுப் பேசுகிறவள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் வணக்கம். காலையிலேருந்து சுத்துற வீடியோவுல இருக்குறது நம்ம போட்டு இல்ல. அது வியட்நாம்ங்குற நாட்டுல ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அத்தாட்சி இங்க இருக்கு, வந்து பாக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னாள். “நம்ம போட்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. இது நம்ம போட்டு இல்லங்குறது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

தெருக்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினாள். பெண்கள் கூட்டம் வழிவிட, கல்யாணசுந்தரி வந்தாள். முடி கலைந்து, புடவை கசங்கி, ஆளே பாதியாகிவிட்டிருந்தாள். இளவேனில் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கல்யாணசுந்தரி வீடியோவைப் பார்க்கவே இல்லை. தமிழரசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அவரு இருக்காரு. அதானே தமிழு சொல்றே?”

“அக்கா, நான் சொன்னது…”

“எந்த ஊரையும் கண்டுபிடிச்சிடுவியே. அவரு எங்க இருக்காருன்னு அதையும் பாத்துச் சொல்லிடு.”

“கடல்ல அடையாளம் ஒண்ணும் இருக்காதுக்கா. கம்பம் இல்ல, போர்டு இல்ல. தண்ணி மட்டும்தான். எனக்குத் தெரியலக்கா.”

கல்யாணசுந்தரி பிடித்த கையை விடாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த சில நாட்கள் தமிழரசிக்கு நரகமாக இருந்தன. அஞ்சலி ஃப்ளெக்ஸை இறக்கியது தான்தானே, படகு உண்மையிலேயே போயிருந்தால் இந்த ஊர் இரண்டாவது தடவை அழ வேண்டுமே என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு தினமும் பட்டினச்சேரிக்குப் போனாள். கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டுகிற ஒரு இணையதளத்தை இளவேனிலுக்குத் திறந்து காட்டினாள். நீலத் திரையில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பெரிய கப்பல்கள் மட்டும்தான் அதில் தெரியும். நீலமேகத்தின் படகு மாதிரிப் படகுகள் தெரியாது. இருந்தாலும் இளவேனில் அதை மூடவே இல்லை. “இவ்ளோ கப்பலு போவுதேக்கா. ஒருத்தராச்சும் பாக்க மாட்டாங்க?” என்றாள்.

போர்ச்சுகல் ஆசிரியரும் பிலிப்பைன்ஸ் ஓட்டுநரும் விஷயம் கேள்விப்பட்டு, அந்தக் காற்றில் மிதக்கும் படகு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று வரைபடத்தில் கோடு போட்டு அனுப்பினார்கள். கோடு வடகிழக்கே நீண்டு வங்காள விரிகுடாவுக்குள் எங்கோ போய் நின்றது. சிவக்குமார் அதை மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். அவர்களும் அந்தப் பக்கம்தான் தேடுவதாகச் சொன்னார்கள்.

இதற்கிடையில் ஒருநாள் மதியம், தன் வீட்டு வாசலில் முருங்கை நிழலில் உட்கார்ந்திருந்தபோது, கல்யாணசுந்தரி திடீரென்று கேட்டாள்.

“அந்த வீடியோவுல கடைசில ஒரு பொம்பள ஒக்காந்திருந்தாளே. அவ யாரு?”

“தெரியலக்கா.”

“அவ புருஷன் வந்தானா?”

தமிழரசி அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. அந்தக் கரை எது என்று தெரிந்ததோடு அவளுக்கு வேலை முடிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி ஊரில் வேறு யாரும் கேட்கவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு லான் என்ற அந்தப் பெண்ணுக்கு எழுதினாள். எங்கள் ஊரிலும் ஒரு படகைக் காணவில்லை. உங்கள் வீடியோவை எங்கள் படகு என்று சொல்லி யாரோ பரப்பிவிட்டார்கள். அதில் அழுகிற அம்மாவைப் பற்றி எங்கள் அக்கா ஒருத்தி கேட்கிறாள்.

மறுநாள் பதில் வந்தது. தமிழரசி படித்துவிட்டு அதைக் கல்யாணசுந்தரியிடம் சொல்வதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தாள். அதில் நல்ல சேதி இல்லை. ஆனால் கேட்டவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“அவங்க லானோட அத்தையாம்க்கா. பேரு மை.”

“மையா? கண்ணுக்கு வைக்கிற மையா?”

“அதே மாதிரிதான் கூப்பிடுறாங்க. அந்தப் போட்டுல மூணு பேரு. ரெண்டு பேரு நீந்தி வந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் கெடைக்கல.”

கல்யாணசுந்தரி முருங்கை இலை ஒன்றை எடுத்து நறுக் நறுக்கென்று கிள்ளிக்கொண்டிருந்தாள்.

தமிழரசி மீதியையும் சொன்னாள். “ஒவ்வொரு வருஷமும் எந்த நாட்டுலேருந்தாவது அந்த வீடியோ கெளம்பிடுதாம். பொய் வீடியோவை எடுன்னு லானைத் திட்டி எழுதுறாங்களாம். என் அத்தையைப் பத்திக் கேட்ட மொத ஆளு நீங்கதான்னு எழுதியிருக்கு அந்தப் பொண்ணு.”

“பாவி மக்க” என்றாள் கல்யாணசுந்தரி. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நான் கேட்டேன்னு அந்த மைகிட்ட சொல்லச் சொல்லு” என்றாள்.

அதற்கடுத்த நாள் முன்பகலில் சிவக்குமார் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தான். ஒரு கால் செருப்பு எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

“கெடைச்சிட்டாங்க! அஞ்சு பேரும்! கப்பலு! கப்பல்ல இருக்காங்க!”

நடந்தது இதுதான். எஞ்சின் நின்ற படகு காற்றின் போக்கில் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஐஸ் கட்டி கரைந்த தண்ணீரைக் குடித்து, பச்சை மீனைத் தின்று கிடந்தவர்களை ஒரு சரக்குக் கப்பல் பார்த்து ஏற்றிக்கொண்டிருக்கிறது. படகில் ஏற்கெனவே தண்ணீர் ஏறியிருந்ததால் அதைக் கடலோடு விட்டுவிட்டார்கள். கப்பல் ஒடிசாவில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே இறங்கியதும் பேசுவார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

கல்யாணசுந்தரி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இளவேனில்தான் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தமிழரசி கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு வலைக் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் செய்தாள். “அப்பா” என்றதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. “என்னம்மா, என்ன ஆச்சு, சொல்லும்மா” என்று வைத்திலிங்கம் பதறிப்போனார்.

ரயிலில் வந்து இறங்கிய ஐந்து பேரையும் ஊரே மாலை போட்டு அழைத்து வந்தது. ஆனால் அந்த வீடியோ ஊரைச் சுற்றி முடிக்கவில்லை. திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் துக்கம் விசாரித்துப் போன் வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் கல்யாணசுந்தரிக்கு அலுத்துப்போய், போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். “நான்தாங்க நீலமேகம் பேசுறேன்… ஆமாங்க, நானேதான்… இல்லங்க, சாவல” என்று அவன் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மதுரையில் ஒரு தூரத்துச் சித்தப்பா நம்பாமல், யாரோ விளையாடுகிறார்கள் என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

சிவக்குமாரின் தம்பி முத்துக்குமரன் இனிமேல் கடலுக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. சிவக்குமார் தன் ஊருச் செய்திப் பக்கத்தை மூடிவிடப் போனான். தமிழரசிதான் தடுத்தாள். எந்த வீடியோ வந்தாலும் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள் என்றாள். இப்போது தினமும் ஏழெட்டு வருகின்றன. பாதிக்கு மேல் பொய்.

அவர்கள் ஊர் திரும்பிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை தமிழரசியையும் வைத்திலிங்கத்தையும் பட்டினச்சேரிக்குச் சாப்பிட அழைத்தார்கள். வைத்திலிங்கம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். சாப்பாடு முடிந்ததும் தமிழரசி நீலமேகத்தைப் பிடித்துக்கொண்டாள். கப்பல் எப்படி இருந்தது, எத்தனை மாடி, ஆட்கள் எந்த நாடு, என்ன சாப்பாடு என்று கேட்டுத் துளைத்தாள்.

“கப்பலுக்குள்ள லிஃப்டு இருக்கு தங்கச்சி. அதுல ஏறத்தான் எனக்குப் பயம். அலையில போட்டு ஆட்டுனது எல்லாம் பயமா தெரியல” என்றான் நீலமேகம். “சமையக்காரரு பிலிப்பைன்ஸாம். எங்களப் பாத்ததும் சோறுதான் வச்சாரு. ஒரு பேச்சு புரியல. அவரு புள்ளைங்க படத்தைக் காட்டுனாரு. எங்கிட்ட காட்ட படம் இல்ல, போனு கடலோட போயிடுச்சு. வெரலைக் காட்டி, ஒரு பொண்ணுன்னு சொன்னேன்.”

தமிழரசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. லான். உங்கள் படகு வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாள்.

தமிழரசி கல்யாணசுந்தரியைப் பார்த்தாள். “அக்கா, வந்துட்டாருன்னு சொல்றதா? அந்த அம்மாவுக்குக் கஷ்டமா இருக்காதா?”

கல்யாணசுந்தரி பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “கேக்குறாளே. கேக்குறவளுக்குச் சொல்லாம இருந்தா அதான் கஷ்டம். சொல்லிடு.”

சொன்னாள். பதில் வர நேரமானது. தேநீர் குடித்து முடித்த பிறகு வந்தது. தமிழரசி மொழிபெயர்த்துப் படித்தாள்.

“அத்தை பக்கத்துலதான் இருக்காங்களாம். கேட்டதும் கொஞ்ச நேரம் அழுதாங்களாம். அப்பறம் சந்தோஷம்னு சொல்லச் சொன்னாங்களாம். அவங்களும் மீன் விக்கிறவங்கதானாம்க்கா. ஒங்க பக்கத்துல இப்ப என்ன மீன் வருதுன்னு கேக்குறாங்க.”

“இதைக் கேட்டாளா?” கல்யாணசுந்தரியின் முகம் மலர்ந்தது. சம்மணமிட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டாள். “எழுதிக்க. சங்கரா. கிழங்கான். வஞ்சிரம் வருது, ஆனா வெலை கூட. நெத்திலி ஏகத்துக்கு வருது.”

“இரு இரு அக்கா. கிழங்கானுக்கு அவங்க மொழியில என்னன்னு தெரியலியே.”

“படத்தை எடுத்து அனுப்பு. இளவேனி, அந்தக் கூடையை எடுத்துக்கிட்டு வா.”